718 வெல்டில் ஹாட் கரோஷன் டெஸ்ட்: ஃபர்னஸுக்கு வெளியே பட்ட பாடு

மூன்று வாரம் "வெல்டுக்குள் கந்தகம் இறங்கியிருக்கிறது" என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். அது கந்தகமே இல்லை, மாலிப்டினம். சூட்டில் உருகிய உப்பு உலோகத்தை அரிப்பதுதான் ஹாட் கரோஷன். அதைப் பார்க்க, எஞ்சின்களில் வரும் நிக்கல் கலவையான இன்கோனெல் 718 தகட்டை டிக் வெல்டிங் செய்து, உப்பு பூசி, சூடாக்கி ஆற்றும் சைக்கிளை 50 தடவை ஓட்டி முடித்த பிறகு தெரிந்த சங்கதி இது. ஃபர்னஸ் வேலை சுலபம். அதற்கு முன்னும் பின்னும்தான் எல்லாம் கெடுகிறது.

வெல்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெல்டின் பின்பக்கம் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு ஒழுங்காகப் போனால் போதும். ஆனால் இணைப்பில் உருக்கி நிரப்பும் ஃபில்லர் ராடின் மில் சர்டிஃபிகேட்டை, அதாவது கலவை அளவைச் சொல்லும் தாளை, அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ராடு கொடுத்தவர் "718தான் சார்" என்றார், தாள் வரவில்லை. 718 ராடில் மாலிப்டினம் 3 சதவீதம். 625 என்ற இன்னொரு நிக்கல் கலவை ராடில் 8 முதல் 10 வரை. கடைசியில் கலவையை நின்ற இடத்திலேயே காட்டும் பிஎம்ஐ துப்பாக்கி வைத்துப் பார்த்தால் 625. இந்த ஒரு தாள் இல்லாமல் போனதன் விலையைப் பின்னால் கட்டினோம்.

கூப்பன் (சோதனைத் துண்டு) 20 × 15 × 3 மி.மீ. ஒயர் கட்டில், அதாவது ஒயரிலிருந்து வரும் மின்பொறியால், வெட்டினால் விளிம்பில் உருகி உறைந்த மெல்லிய தோல் ஒன்று இருக்கும். பித்தளை ஒயரின் செம்பும் துத்தநாகமும் அதில் ஒட்டியிருக்கும். ஆறு பக்கமும் எமரி போட்டு அதை எடுக்காவிட்டால் முதல் சில சைக்கிளின் எடை எதற்கும் உதவாது. இன்னொன்று: இந்தக் கூப்பனில் வெல்டின் பங்கு ஆறேழு மி.மீ. அகலம்தான், மீதியெல்லாம் மூலத்தகடு. முழுக் கூப்பனின் எடை ஏற்றத்தை வைத்து "வெல்டு இவ்வளவு அரித்தது" என்று சொல்ல முடியாது. வெல்டு மட்டும், தகடு மட்டும், இரண்டும் சேர்ந்தது என மூன்று வகையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை, உப்பு இரண்டிலும் வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். 900 டிகிரியில், 60 சதவீதம் வனேடியம் பென்டாக்சைடு கலந்த சோடியம் சல்ஃபேட் என்பது பலரும் எடுக்கும் வழி. வனேடியம் கப்பலிலும் மின்நிலையத்திலும் எரிக்கும் கனமான எண்ணெயில் வருவது. விமான மண்ணெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. கடல்மேல் பறக்கும் எஞ்சினுக்குள் போவது கடலுப்பு. 718 வேலை செய்வதும் 650 டிகிரி வரைதான். 900-ல் மணிக்கணக்கில் வைத்தால் நிக்கலும் நையோபியமும் சேர்ந்த டெல்டா ஃபேஸ் என்ற படிகம் வேகமாக வளர்ந்து, சோதிக்க எடுத்த உலோகமே வேறாகிவிடும். அதனால் 700 டிகிரி, 75 பங்கு சோடியம் சல்ஃபேட், 25 பங்கு சோடியம் குளோரைடு என்று வைத்தோம். தனி சல்ஃபேட் 884-ல்தான் உருகும். குளோரைடு சேர்ந்தால் 630 பக்கத்திலேயே உருகத் தொடங்கிவிடும்.

கூப்பனின் மொத்தப் பரப்பு 8.1 ச.செ.மீ. சதுர செ.மீ.க்கு 3 மி.கி. என்றால் மொத்த உப்பே 24 மி.கி. சொச்சம். கூப்பனை ஹாட் பிளேட்டில் 200 டிகிரிக்குச் சூடாக்கி, கரைசலை மெல்லிய பிரஷ்ஷால் பல தடவை தடவ வேண்டும். ஒரேயடியாகப் பூசினால் நடுவில் திட்டாகக் கட்டிக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் சூடு, இருபது நிமிடம் ஆறல், எடை. 50 சைக்கிளுக்கு 67 மணி நேரம் ஆகும், ஆகவே இரவில் நிறுத்தத்தான் வேண்டும். காலையில் முதல் எடை எப்போதும் கூடியிருந்தது. துருப்பிடித்த கணக்கு என்று முதலில் நினைத்தோம், உண்மையில் அது மழைக்காலத்து ஈரம். 142 கிராம் சோடியம் சல்ஃபேட் 180 கிராம் தண்ணீர் வரை பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். இரவில் டெசிகேட்டர் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்), காலையில் 120 டிகிரி அவனில் ஒரு மணி நேரம், பிறகே எடை. கூப்பனை வைக்கும் சின்னத் தொட்டியான அலுமினா போட்டையும் முன்கூட்டியே சுட்டு எடை நிலைக்கச் செய்யுங்கள். உப்பு மட்டும் வைத்த வெறும் போட் ஒன்றும் கூடவே ஓடட்டும். குளோரைடு ஆவியாகிப் போகும் எடை அதில்தான் தெரியும். உதிர்ந்த செதிலைக் கொட்டிவிடாமல் போட்டோடு சேர்த்தே நிறுக்க வேண்டும். ஃபர்னஸ் டிஸ்ப்ளே காட்டும் எண்ணை நம்பாமல் போட்டுக்குப் பக்கத்தில் தனி தெர்மோகப்பிள் வையுங்கள்.

இனி அந்தக் கந்தகக் கதை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எக்ஸ்-ரே கோடுகளை வைத்துத் தனிமங்களை அடையாளம் காணும் இடிஎஸ்ஸில் கந்தகத்தின் கோடு 2.307 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மாலிப்டினத்தின் எல் கோடு 2.293. இந்த 14 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியைப் பிரிக்கும் திறன் டிடெக்டருக்கு இல்லை. வெல்டு உறையும்போது நையோபியமும் மாலிப்டினமும் டென்ட்ரைட்டுகளின் (மரக்கிளை மாதிரி வளரும் படிகங்களின்) இடுக்கில் ஒதுங்கி லேவ்ஸ் ஃபேஸ் என்ற சேர்மமாகும். எந்தத் தனிமம் எங்கே என்று காட்டும் மேப்பில் அந்த இடுக்குகளெல்லாம் "கந்தகம்" என்று பளிச்சிட்டன, பாடப்புத்தகத்தில் வரும் சல்ஃபைடேஷன் (கந்தக அரிப்பு) மாதிரியே! 625 ராடு வேறு. வெளிச்சம் மூன்று மடங்கு. ஆபரேட்டர் சாஃப்ட்வேரே தனிமத்தை ஊகிக்கும் ஆட்டோ ஐடி போட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டார், நாங்களும் வாங்கி வந்துவிட்டோம். 20 கிலோவோல்ட்டில் ஓட்டியதால் மாலிப்டினத்தின் 17.4 கே கோடு எழவேயில்லை. 30 கிலோவோல்ட்டில் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். வனேடிய உப்பு எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி: டைட்டானியத்தின் பீட்டா கோடு வனேடியத்தின் ஆல்ஃபா மேல் உட்காரும், வனேடியத்தின் பீட்டா குரோமியத்தின் மேல்.

தீர்வு, இந்த நெருக்கமான கோடுகளைப் பிரிக்கும் டபிள்யூடிஎஸ் டிடெக்டர் உள்ள மைக்ரோப்ரோப். காத்திருந்து ஸ்லாட் கிடைத்தது, முதல் பயணம் வீண். கூப்பனைத் தண்ணீர் விட்டுத் தேய்த்திருந்தோம். குளோரைடும் சல்ஃபேட்டும் கரைந்து வாஷ்பேசினில் போய்விட்டன. அடுத்த கூப்பனை வெட்டும் முன்பே எபாக்சியில் வேக்குவத்தில் இறுக்கி, செதில் உதிராமல் காத்து, மண்ணெண்ணெய் விட்டே தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி, டெசிகேட்டரோடு தூக்கிக்கொண்டு போனோம். செதிலுக்கு அடியில் மெல்லிய கோடாகக் கந்தகம் இருந்தது, குரோமியத்தோடு. வெல்டின் இடுக்குகளில் ஒரு புள்ளிகூட இல்லை.