திரைக்கு முதுகு காட்டி

கோல் விழுந்ததை நான் பார்க்கவில்லை. தெருவில் கால்பந்து ஆட்டத்தைக் காட்டிய பெரிய திரைக்கு முதுகைக் காட்டியபடி, கேமராவோடு நின்றிருந்தேன்.

எதிரே, தந்தையின் தோளில் ஒரு சிறுமி. ஒரு கன்னத்தில் ஒரு நாட்டுக் கொடி, மறு கன்னத்தில் எதிரணியின் கொடி. தெருவே துள்ளிக் குதித்தபோது, அவள் தந்தையின் தலைமுடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கண்களை இறுக மூடிச் சிரித்தாள். வியர்வையில் இரண்டு கொடிகளின் சாயமும் வழிந்து மோவாயில் கலந்திருந்தது.

முதல் படம் வீணானது. ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், 1/1000 நொடி. அவள் முகத்தில் கருப்புப் பட்டைகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல தெருவிளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு முழு மினுங்கல் படத்துக்குள் அடங்கும்படி வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கினேன். சுற்றியிருந்த கைகளெல்லாம் கலங்கின, அவள் முகம் மட்டும் தெளிவாக நின்றது.

ஃபிளாஷ் போடவில்லை. அது மின்னினால் எல்லோரும் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு கேமராவைப் பார்ப்பார்கள்.

1937இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்குப் போன பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன், அரசரை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் படமெடுத்தார். அந்தத் துணிச்சலை இன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். ஆட்டத்தைப் படமெடுக்க மைதானத்துக்குள் எத்தனையோ கேமராக்கள் இருக்கின்றன. இந்த மோவாயை யார் எடுப்பார்கள்?

கூட்டம் தணிந்ததும் தந்தையிடம் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவள் என் தோளில் இருந்ததால், இந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை" என்றார்.