பிளாஸ்டிக் நாற்காலியில் செகாவ்

1899 மே மாதம் மாஸ்கோ கலை அரங்கத்தார் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'தி சீகல்' நாடகத்தை அவர் பார்ப்பதற்காகவே தனியாக ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். சீசன் முடிந்துவிட்டிருந்தது. வேறு ஒரு கொட்டகை, செட் எதுவும் கிடையாது. பார்த்துவிட்டு கோர்க்கிக்கு ஒரு கடிதம் எழுதினார் செகாவ். காட்சியமைப்பு இல்லாமல் பார்த்தேன் என்று போகிற போக்கில் சொல்கிறாரே தவிர, அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீனாவாக நடித்தவர் நேரம் முழுக்க விம்மி விம்மி அழுதார், எழுத்தாளர் திரிகோரின் பக்கவாதம் வந்தவரைப்போல நடந்தார், பேசினார் என்பதுதான் புலம்பல். அந்தத் திரிகோரின் வேறு யாருமில்லை, அந்த அரங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. ஆனாலும் மொத்தத்தில் மோசமில்லை, உள்ளே இழுத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

ஜேமி லாயிட் லண்டனில் இயக்கிய 'சீகல்' பற்றி யாராவது வாக்குவாதம் ஆரம்பித்தால் எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும். 2020 மார்ச்சில் முன்னோட்டக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தபோதே கொரோனாவால் நின்று, 2022 கோடையில் ஹெரால்டு பின்டர் தியேட்டரில் மறுபடி எழுந்த நாடகம் அது. மேடையைச் சுற்றிப் பூச்சுகூட இல்லாத சிப்போர்டு பலகை. வாடகைக்கு ஆள் வராமல் பாதி வேலையில் நின்றுபோன கடை மாதிரி இருந்தது. உள்ளே சில பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏரி இல்லை, தோட்டம் இல்லை, ரஷ்ய வீட்டில் டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் இல்லை. நடிகர்கள் வெறுங்காலோடு, நாம் தெருவில் போட்டுக்கொண்டு போகிற உடுப்பிலேயே, பெரும்பாலும் உட்கார்ந்தபடி பேசுகிறார்கள். மைக் இருப்பதால் குரல் உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை. முணுமுணுத்தாலே போதும்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மேல் பால்கனி டிக்கெட். கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்: "தம்பி, இவை எப்ப எழும்புவினம்?" அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன், முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. இடைவேளையில் இன்னும் சூடாகிவிட்டார். ரேடியோ நாடகம் என்றால் வீட்டிலேயே கேட்டிருக்கலாமே, இந்தக் காசுக்கு ஒரு மரமாவது நட்டிருக்கலாமே என்று. பின்வரிசையில் இரண்டு பெண்கள் எமிலியா கிளார்க்குக்காகவே வந்திருந்தார்கள், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகைகள். கடைசிக் காட்சியில் கிளார்க்கின் நீனா திரும்பி வந்தபோது அந்த இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் அண்ணை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமர்சகர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்தார்கள். வசனம் புதிதாகக் காதில் விழுகிறது, கண்ணை எடுக்க முடியவில்லை என்றது ஒரு பக்கம். குளிர்ச்சியாக இருக்கிறது, அசைவே இல்லை, ஒத்திகையின் முதல் நாள் வாசிப்பைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றது இன்னொரு பக்கம்.

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சண்டை முழுவதும் நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் அங்கத்தில் கோன்ஸ்தந்தீன் என்ற இளைஞன் தான் எழுதிய நாடகத்தை வீட்டாருக்குப் போட்டுக் காட்டுகிறான். ஒரு திரை, அதற்குப் பின்னால் வெறும் இடம், அப்பால் ஏரி, செட் எதுவும் கிடையாது என்று அவனே பெருமையாகச் சொல்கிறான். இதில் நடிக்க வந்த நீனாவுக்கே திருப்தியில்லை. உங்கள் நாடகத்தில் உயிருள்ள ஆட்கள் இல்லை, நிகழ்ச்சி குறைவு, வெறும் வாசிப்புதான் என்கிறாள். அவன் அம்மா அர்க்காதினா பெரிய நடிகை. கந்தக வாடை வருகிறதே, இதெல்லாம் அவசியமா என்று நடுவில் குறுக்கிட்டுக் கேலி செய்ய, அவன் கோபத்தில் திரையைப் போடச் சொல்லிவிடுகிறான். பிடித்திருந்தது என்று அவனிடம் மனதார வந்து சொல்பவர் டாக்டர் தோர்ன் ஒருவர்தான். பால்கனியில் எனக்குப் பக்கத்திலேயே ஒரு அர்க்காதினா உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது, ஆனால் இதை அண்ணையிடம் சொல்லவில்லை.

இதை வைத்துக்கொண்டு வெற்று மேடையே உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. கோன்ஸ்தந்தீனின் நாடகம் ஒன்றும் பிரமாதம் இல்லை, செகாவ் அதை அப்படித்தான் எழுதியிருக்கிறார். செட் இல்லாததால் மட்டும் ஒரு நாடகம் ஆழமாகிவிடாது. நான் சென்னை சபா நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவன். நடுவில் சோபா, டீப்பாய், மூலையில் போன், இடது பக்கம் சமையலறை, வலது பக்கம் வாசல். அந்த சோபாவைச் சுற்றியே இரண்டு மணி நேரம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். சோபா ஒரு குற்றம் அல்ல. (இந்த இடத்தில் தெருக்கூத்தை இழுத்து, எங்களிடம் அப்போதே வெற்று மேடை இருந்தது என்று எழுதுவது ஒரு வழக்கம். கூத்துக்கு வேறு கணக்கு, விட்டுவிடுகிறேன்.)

'சீகல்' நான்கு அங்க நகைச்சுவை நாடகம். செகாவ் தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறார், கடைசியில் ஒருவன் சுட்டுக்கொண்டு சாகிறான் என்றாலும். 1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் முதல் காட்சி. லெவ்கேயெவா என்ற சிரிப்பு நடிகையைக் கௌரவிக்க அன்றைய வசூல் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவரோ இந்த நாடகத்தில் நடிக்கவே இல்லை, இதற்குப் பிறகு போட்ட நாடகத்தில்தான் இருந்தார். அவருடைய ரசிகர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வந்து உட்கார்ந்து, நீனாவின் நீண்ட பேச்சில் சிரித்தார்கள், கூச்சல் போட்டார்கள். நீனாவாக நடித்த கோமிசார்ஷெவ்ஸ்கயா மாதிரியான நடிகையே தடுமாறிப் போனார். செகாவ் பாதியில் எழுந்து மேடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். இரண்டாவது காட்சியிலிருந்து கூட்டம் வேறு, வரவேற்பும் வேறு. நடித்தவர்கள் அதேபேர்தான். வந்தவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பதுதான் மாறியிருந்தது.

1898இல் மாஸ்கோவில் இதே நாடகத்தை இயக்கிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வெற்று மேடைக்கு எதிர்ப்பக்கம் போனார். தவளை கத்தும், பூச்சி இரையும், தூரத்தில் நாய் குரைக்கும். நாடகம் பெரும் வெற்றி, தலைப்பில் வரும் அந்தக் கடற்பறவைதான் இன்றுவரை அவர்கள் அரங்கத்தின் சின்னம். செகாவுக்கு மட்டும் அந்தத் தவளைகள் பிடிக்கவில்லை. அதில் கோன்ஸ்தந்தீனாக நடித்த மேயர்ஹோல்டு தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: ஓவியர் கிராம்ஸ்கோய் வரைந்த ஒரு முகத்தில் மூக்கை வெட்டிவிட்டு நிஜ மூக்கைப் பொருத்தினால் மூக்கு நிஜமாக இருக்கும், படம் கெட்டுப்போகும் என்றாராம் செகாவ். இதே ஜேமி லாயிட் 2019இல், பெரிய மூக்குக்காரன் ஒருவனின் கதையான 'சிரானோ'வை நடிகர் ஜேம்ஸ் மெக்கவாய்க்கு ஒட்டு மூக்கே வைக்காமல் மேடையேற்றினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் செகாவ் தலையாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது? முதல் பாதி மிகவும் பிடித்தது. ஏன் எப்போதும் கறுப்பு உடுப்பு என்று பள்ளி ஆசிரியன் மெத்வெதென்கோ மாஷா என்ற பெண்ணிடம் கேட்கிறான். என் வாழ்க்கைக்குத் துக்கம் அனுசரிக்கிறேன் என்கிறாள் மாஷா. நாடகத்தின் முதல் இரண்டு வரிகளே இவைதான். மாஷாவாக நடித்த சோஃபி வூ இதை முகத்தில் ஒரு தசைகூட அசையாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற தொனியில் சொன்னார். அரங்கம் சிரித்தது, அண்ணைகூட. இந்திரா வர்மாவின் அர்க்காதினா நாற்காலியை விட்டு எழாமலேயே மற்ற எல்லோரையும் சின்னவர்களாக்கினார். பார்க்க வேறு எதுவும் இல்லாததால், ஒருவர் பேசும்போது பேசாமல் இருப்பவரின் முகத்தை நாம் தேடுகிறோம். பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் அங்கத்தில் சறுக்கியது. கோன்ஸ்தந்தீன் தன்னைச் சுட்டுக்கொண்டு பிழைத்திருக்கிறான், தலையில் கட்டு. அம்மாவிடம் கட்டை மாற்றிவிடச் சொல்கிறான். அவளும் சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்கிறாள். துணியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அம்மாவின் காதலர் திரிகோரின் பக்கம் திரும்பி, கஞ்சத்தனம், திறமையில்லாதவன் என்று ஏச்சாக முற்றி, அவன் அந்தக் கட்டைப் பிய்த்து எறிகிறான். அப்புறம் இருவரும் அழுகிறார்கள். பாசமும் சண்டையும் சிரிப்பும் அந்த ஒரு துண்டுத் துணியில்தான் இருக்கிறது. அந்தத் தொடுகைக்கு உட்கார்ந்து பேசுவது ஈடாகவில்லை. வசனம் காதில் தெளிவாக விழுந்தது, அவ்வளவுதான். செகாவ் இந்தத் துணியைத் தவளைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

அதே தயாரிப்பைப் படம்பிடித்து நேஷனல் தியேட்டர் லைவ் மூலம் திரையரங்குகளில் காட்டினார்கள். நான் போய் மறுபடி பார்த்தேன். காமிரா முகத்துக்குக் கிட்டப் போகிறது, முணுமுணுப்புக்குச் சரியான தூரம் அதுதான். மேல் பால்கனியிலிருந்து பார்த்தபோது சும்மா இருந்ததாகத் தோன்றிய டேனியல் மங்க்ஸின் கோன்ஸ்தந்தீன், அம்மா பேசப் பேசத் தாடையை இறுக்கிக்கொண்டே போவது திரையில்தான் எனக்குத் தெரிந்தது. விமர்சகர்கள் உட்காருவது பெரும்பாலும் கீழே, நல்ல வரிசையில். அண்ணைக்கு நான் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் உட்கார்ந்து அவர்கள் பார்த்திருந்தால் எத்தனை நட்சத்திரம் குறைந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த இயக்குநரின் நாடகத்துக்குப் போகிறவர்கள் முதல் பத்து வரிசைக்குள் வாங்குங்கள். கையைக் கடித்தால் சினிமா கொட்டகைக்கு வரும்வரை பொறுங்கள்.