ஆயிரம் வாட் ஆம்ப், பதினொன்றரை வோல்ட்

கார் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்று, அதை ஓட்ட 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) மோனோ ஆம்ப். மாட்டிய அன்று ராத்திரி ஏசி ஓட, ஹெட்லைட் எரிய, சிக்னலில் நிற்கிறேன். பாட்டில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. பத்து நிமிடத்தில் ஆம்ப்பில் சிவப்பு விளக்கு. புரொடெக்ட், அதாவது ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிட்டது. சத்தம் நின்றுவிட்டது.

மாட்டிக்கொடுத்த கடையில் இரண்டு யோசனை சொன்னார்கள்: 1500 வாட் ஆம்ப்புக்கு மாறு, இல்லையென்றால் மின்சாரத்தைச் சேமித்து வைத்து அடி விழும்போது கொடுக்க 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடு. கெப்பாசிட்டரை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிளஸ் டூ இயற்பியல்தான். 14.4 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது அது கொடுப்பது ஏறக்குறைய 32 ஜூல். 1000 வாட் கேட்கிற ஆம்ப் அதை ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் தின்று தீர்த்துவிடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன், குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து. இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது, பாட்டு இல்லாமல், பேட்டரியில் 14.1. பாட்டை ஏற்றினால் பேட்டரியில் 13, ஆனால் டிக்கியில் ஆம்ப்பின் முனையில் 11.5. ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது! ஆம்ப்பின் அட்டையில் போட்டிருந்த 1000 வாட் 14.4 வோல்ட்டுக்கு, என்னுடையது மாதிரி சாதாரண ஆம்ப்பில் வோல்ட் இறங்கினால் வாட் அதன் வர்க்கத்தில் இறங்கும், அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைத்தது 640 வாட்தான். இதில் 1500 வாங்கியிருந்தால் இன்னும் அதிக கரண்ட் இழுத்து இன்னும் கீழே போயிருக்கும்.

பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குக் கடை போட்ட வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம். தடிமனாகத் தெரிந்ததில் பாதி பிளாஸ்டிக் உறை. எர்த்தையோ (ஆம்ப்பின் மைனஸ் வயர் வண்டியின் பாடியில் சேரும் இடம்) பெயின்ட்டின் மேலேயே சீட் போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும் அரை வோல்ட் போனது.

நல்ல செம்பு வெல்டிங் கேபிள், 35 சதுர மில்லிமீட்டர், இழுத்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி பியூஸ் (இது இல்லாமல் வயர் எங்காவது பாடியில் உரசினால் வண்டியே எரியும், தயவுசெய்து மறக்காதீர்கள்). எர்த் இடத்தில் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். அப்புறம் ஆல்டர்நேட்டர் (இன்ஜின் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் கருவி) டு பேட்டரி, பேட்டரி மைனஸ் டு பாடி, இன்ஜின் டு பாடி, இந்த மூன்றுக்கும் அதே கேபிள். நாலு வயதான பேட்டரியை எடுத்துவிட்டு, பெரிய கரண்ட்டைச் சட்டென்று தரும் ஏஜிஎம் வகை பேட்டரி.

ஆல்டர்நேட்டரை மட்டும் மாற்றவில்லை. என்னுடையது 80 ஆம்பியர், அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றினால். முழு 1000 வாட்டுக்கு, என்னுடையது போன்ற கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் 75 சதவீதம் திறன் என்று வைத்தாலும், 95 ஆம்பியர் வேண்டும். ஏசி, ஹெட்லைட், ஃபேன் தனி. கணக்கு இடிக்கிறது, சரிதான், ஆனால் பாட்டு முழு நேரமும் உச்சத்தில் இருப்பதில்லை, நடுநடுவே வரும் அடியை பேட்டரி தாங்கிக்கொள்ளும். நண்பன் ஒருவன் வண்டியின் வோல்ட்டையே 16க்கு ஏற்றிவிடு என்றான். போட்டி வண்டிக்குச் சரி. தினமும் ஆபீஸ் போகிற வண்டியில் பல்பு, இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), 12 வோல்ட் பேட்டரி எல்லாவற்றையும் வைத்துச் சூதாட நான் தயாரில்லை.

இப்போது அதே ஆம்ப், அதே பாட்டு, ஆம்ப் முனையில் 12.8க்குக் கீழே இறங்குவதில்லை. ஐடிலில் ஏசியோடு ஹெட்லைட் இன்னும் லேசாக அசைகிறது, பொறுத்துக்கொள்ளலாம். நம்பர் பிளேட்தான் கடகடவென்று ஆடுகிறது, பின்னால் ஃபோம் டேப் ஒட்ட வேண்டும்.