ஒரு நோ டிரம்ப்புக்கு எதிரே

மார்ச் 3

பிரிட்ஜ் சீட்டாட்டம். கூட்டாளி 1 நோ டிரம்ப் சொன்னார், அதாவது துருப்பு இல்லாமல் ஏழு பிடி எடுக்கும் ஏலம். 15 முதல் 17 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1), சமச்சீரான கை. என்னிடம் இருந்த ஒரே படச்சீட்டு ஸ்பேட் ராணி. அவளுக்குக் கீழே நான்கு பொடி ஸ்பேட். இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று பாஸ் சொன்னேன். மூன்று பிடி குறைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நோ டிரம்ப்பில் அந்த ஐந்து ஸ்பேடும் செத்த சீட்டுகள். அவை முதிர்ந்தாலும், போய் எடுக்க என் கைக்கு வழியில்லை. ஸ்பேடே துருப்பு என்றால் பொடிச் சீட்டும் வெட்டும். 2 ஹார்ட் சொல்லியிருக்க வேண்டும். அது ஜேக்கபி டிரான்ஸ்ஃபர், ‘என்னிடம் ஐந்து ஸ்பேட், நீ ஸ்பேட் சொல்’ என்ற குறி: அவர் 2 ஸ்பேட் சொல்வார், நான் பாஸ் சொல்வேன், பலமான கையும் மறைந்தே இருக்கும். கை காலியாக இருந்ததால்தான் நான் பேசியிருக்க வேண்டும்!

மார்ச் 10

இன்று பத்துப் புள்ளி, நான்கு ஸ்பேட், மற்ற மூன்று வகையிலும் மும்மூன்று. நான்கு ஸ்பேடைக் கண்டதும் கை தானாக ஸ்டேமனுக்குப் போனது. 2 கிளப் சொல்லி, நான்கு சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று விசாரித்தேன். 2 ஸ்பேட் என்றார். 4 ஸ்பேடுக்கு ஏறினேன். டம்மியை விரித்தபோது இருவர் கையும் அச்சில் வார்த்ததுபோல 4-3-3-3. ஒன்பது பிடிதான் வந்தது. 3 நோ டிரம்ப்புக்கு அந்த ஒன்பதே போதும்.

4-4 பொருத்தத்தின் லாபமே ஒரு கையில் ஏதோ ஒரு வகை சீக்கிரம் தீர்ந்து, துருப்பால் வெட்டுவதில்தான் இருக்கிறது. மும்மூன்று வைத்திருப்பவன் எதை வெட்டுவது? இனி இப்படிப்பட்ட கையில் நேராக 3 நோ டிரம்ப். எப்போதாவது நல்ல ஸ்பேட் ஆட்டம் தவறிப்போகும், போகட்டும். (சாம் ஸ்டேமன் 1945இல் கட்டுரை எழுதியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது, யோசனை அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ராப்பேயுடையது. கூட்டாளிகளின் விதி!)

மார்ச் 17

எட்டுப் புள்ளி. எல்லாம் ராணியும் ஜாக்கும், ஒரு பத்துகூட இல்லை. 2 நோ டிரம்ப் சொல்லி, கை பலமானால் 3க்குப் போகும்படி அழைத்தேன். அவரிடம் 15, மறுத்துவிட்டார். அந்த இரண்டே நிற்கவில்லை.

எதிரில் 17 இருக்கும் என்று நம்புவது என் பழைய வியாதி. 15, 16, 17 மூன்றில் அடிக்கடி வருவது 15, அரிதாக வருவது 17. இதே எட்டில் ஐந்து சீட்டு நீளமும் ஓரிரு பத்துகளும் இருந்திருந்தால் அழைத்ததற்கு வருந்த மாட்டேன்.

மார்ச் 31

என்னிடம் 16. கூட்டினால் 31 முதல் 33. ஆறுக்கு 33 வேண்டும். ஆகவே 4 நோ டிரம்ப்: உச்சத்தில் இருந்தால் ஆறுக்குப் போ, இல்லையேல் பாஸ் சொல். அவர் அதை ஏஸ் கணக்காக எடுத்துக்கொண்டு 5 ஹார்ட் என்றார், இரண்டு ஏஸாம். தப்பிக்க நினைத்து 5 நோ டிரம்ப் சொன்னேன். அதை ராஜா கணக்காக்கி 6 டைமண்ட் என்றார். 6 நோ டிரம்ப், ஒரு பிடி குறைவு. அவரிடம் இருந்தது 15.

திட்டுவதற்கு வாய் வரவில்லை. நாங்கள் இதைப் பேசிவைத்ததே இல்லை. அவர் தன் கையை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார், இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். ஏஸ் வேண்டுமானால் 4 கிளப் என்று இப்போது முடிவாகியிருக்கிறது.

ஏப்ரல் 7

முதன்முறையாக 1 நோ டிரம்ப் சொல்லும் பாக்கியம் எனக்கு. கூட்டாளி 2 ஹார்ட் என்றார். என்னிடம் நான்கு ஹார்ட், அழகான ஹார்ட். திருப்தியாக பாஸ் சொன்னேன்.

முதல் சீட்டு விழுந்ததும் என் கையை விரித்தேன். அவர் ஹார்ட்டைப் பார்க்கவில்லை. என் மூன்று ஸ்பேடையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.