மூன்று நாள் நீட்டிப்பு

2002 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. மதியம் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் ஜெர்மனியை 2-0 என்று வென்றதைப் பார்த்தோம். இரவு மறுபடியும் ஸ்டேஷனுக்கு வந்து, நியூயார்க்கிலிருந்து வரவேண்டிய செய்திக்காக உட்கார்ந்திருந்தோம்.

நான் அப்போது போஸ்னியாவில், த்ரினா ஆற்றங்கரையிலுள்ள ஸ்வோர்னிக் நகரில் ஐ.நா. போலீஸ் கண்காணிப்பாளர். ஊரில் இன்ஸ்பெக்டர், அங்கே துப்பாக்கி கிடையாது. உள்ளூர் போலீஸ் எல்லா இனத்தாரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பதுதான் வேலை. 1992இல் போரின்போது அங்கிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

எங்கள் பணிக்காலம் அன்று நள்ளிரவோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லும் தீர்மானத்துக்குப் பாதுகாப்பு அவையின் 15 நாடுகளில் 13 கை தூக்கின. பல்கேரியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அமெரிக்கா எதிர்த்தது. நிரந்தர உறுப்பினரின் கை என்பதால் அந்த ஒன்றே போதும், தீர்மானம் விழுந்துவிட்டது. அப்புறம் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, ஜூலை 3 வரை மூன்றே நாள் நீட்டித்தார்கள்.

பிரச்சினை போஸ்னியாவே அல்ல. இனப்படுகொலை, போர்க் குற்றம் போன்றவற்றை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் மறுநாள் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அமைதிப் பணிக்குப் போகும் தன் ஆட்களை அது விசாரிக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் நிபந்தனை. யுகோஸ்லாவியப் போர்க் குற்றங்களுக்காக 1993இல் அமைத்த ஹேக் தீர்ப்பாயத்துக்கு, போஸ்னிய மண்ணில் இருக்கும் யாரையும் விசாரிக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருந்தது. அதனால் எங்களுக்குப் புதிதாக எந்த ஆபத்தும் வந்துவிடவில்லை. ஆனாலும் பணயமாக வைக்கப்பட்டது எங்கள் வேலை.

திங்கட்கிழமை காலை என் மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்டது: "சார், புதன்கிழமைக்கு அப்புறம் நான் வேலைக்கு வரவேண்டுமா?" அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றைக்கே ஒரு பெரியவர் வந்தார். திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. முந்தின இரவு யாரோ கல்லெறிந்து ஜன்னலை உடைத்துவிட்டார்கள். புகாரை உள்ளூர் போலீஸ் எழுதிக்கொண்டது, நானும் கூட நின்றேன். இப்படிப்பட்ட வழக்கில் எங்களால் செய்ய முடிந்த ஒரே பெரிய காரியம், "அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று பார்க்கிறேன்" என்று போலீஸ்காரர் காதில் விழும்படி சொல்வதுதான். வழக்கை நகர்த்துவது அந்த ஒரு வாக்கியம். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் நான் அங்கே இருப்பேனா என்பது எனக்குத் தெரியாது என்று அந்தப் போலீஸ்காரருக்கும் தெரியும். அவர் பேனாவை மூடிய விதத்திலேயே அது தெரிந்தது.

புதன்கிழமை மறுபடியும் நீட்டிப்பு, ஜூலை 15 வரை.

ஜூலை 11, ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையின் ஏழாம் ஆண்டு நினைவு நாள். துஸ்லாவிலிருந்து பேருந்துகள் எங்கள் சாலை வழியாகத்தான் போயின. ஜன்னலோரமெல்லாம் வெள்ளை முக்காடு போட்ட தாய்மார்கள். 1995இல் அங்கே கொல்லப்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுமார் 8,000 பேர்; அந்த ஊர் ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். என் சட்டையிலும் அதே ஐ.நா. சின்னம். தலை நிமிர்ந்து நிற்கக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சிக்கல் தீர்ந்தது. நீதிமன்றத்தில் சேராத நாடுகளின் அமைதிப் பணியாளர்களை அது 12 மாதம் விசாரிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். எங்கள் பணி டிசம்பர் 31 வரை தொடரும் என்று இன்னொன்று. இந்தியாவும் அந்த நீதிமன்றத்தில் சேரவில்லை. ஆக, அந்தச் சலுகை எனக்கும் சேர்த்துத்தான். நான் கேட்கவில்லை, வேண்டவும் இல்லை. அந்த நீதிமன்றம் பிறக்கத் தேவையான 60 நாடுகளின் ஒப்புதல் ஏப்ரல் 11 அன்று நிறைவேறியபோது, அன்று ஒப்புதல் கொடுத்தவற்றில் போஸ்னியாவும் ஒன்று. அந்த நாட்டில் நின்றுகொண்டு இதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை, இன்றைக்கும்தான்.

அடுத்த வாரம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். செப்புப் பாத்திரத்தில் காபி வந்தது. டிசம்பர் 31 வரை இருப்போம், பிறகு ஐரோப்பிய ஒன்றியப் போலீஸ் வரும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பெரியவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். அவர்கள் எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.