நிக் டிரேக்கின் குரல்

இரண்டு நாட்களாக நிக் டிரேக்கின் பாடல்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1948இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தின் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் அவர். தாய் மோலி, வீட்டில் பியானோ வாசித்துத் தாமே பாடல் புனைந்தவர். அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு, மகனின் குரலில் இருக்கும் அந்தத் தணிந்த துயரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கும்போதே தயாரிப்பாளர் ஜோ பாய்டின் கவனத்துக்கு வந்தார். முதல் இசைத்தொகுப்பு 1969இல் வெளியானது. அதன் பல பாடல்களுக்கு வயலின், செல்லோ இசையமைப்பை எழுதியவர், உடன் படித்த நண்பர் ராபர்ட் கிர்பி. அனுபவமில்லாத மாணவர் ஒருவரை நம்பி அப்பொறுப்பைக் கொடுக்கச் சொன்ன அந்த இருபது வயது உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. பாட்டுக்குப் பாட்டு கிதாரின் சுருதியை மாற்றுவது அவர் வழக்கம் என்பதால், நரம்புகளை முறுக்கிச் சரிசெய்யும் நீண்ட இடைவெளிகளில் அவையினர் பொறுமை இழந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். அவரோ ஒரு வார்த்தையும் பேசமாட்டார். தொகுப்புகளும் அன்று விற்கவில்லை.

மூன்றாவது தொகுப்பை 1971 அக்டோபரில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, இரண்டே இரவுகளில் பதிவுசெய்தார். குரல், கிதார், ஓரிடத்தில் மட்டும் சில பியானோ சுரங்கள். மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1974 நவம்பரில் அவர் இறந்தபோது வயது 26.

இன்றிரவும் அந்த மூன்றாவது தொகுப்பைத்தான் கேட்கப்போகிறேன்.