ஆங்குலர் படிக்கப் போகிறீர்களா? முதலில் வேர்ஷனைக் கேளுங்கள்

"ஆங்குலர் (வெப் செயலிகளின் முன்பக்கத்தைக் கட்ட உதவும் கூகுளின் ஃபிரேம்வொர்க்) தெரிந்திருக்க வேண்டும்." கொழும்புக் கொம்பனி ஒன்றின் புரொஜெக்டில் சேரும்முன் எனக்குக் கிடைத்த தகவல் இவ்வளவுதான். எந்த வேர்ஷன் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான், பேசிக்ஸ் பாருங்கள்" என்றார். எல்லாம் ஒன்றில்லை. அந்தப் பதிலால் வீணான நேரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நான் இதுவரை சேர்வர் பக்கம் எழுதும் பிஎச்பி, லாராவெல் பக்கம். ஆங்குலருக்கு வேண்டிய டைப்ஸ்கிரிப்ட் மொழி சீக்கிரம் பழகிவிட்டது.

கல்முனையில் ஆங்குலர் குறுகிய கால வகுப்பு என்று விளம்பரம் பார்த்து, காசு கட்டி, கல்லடியிலிருந்து பஸ் ஏறினேன். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று நின்று நின்று போய்ச் சேர்ந்தால், போர்டில் முதல் வரியே டாலர் ஸ்கோப் ($scope). அது பழைய முதல் வேர்ஷனான ஆங்குலர் ஜேஎஸ்! 2016இல் ஆங்குலர் 2 வந்தபோதே அடியோடு மாற்றி எழுதிவிட்டார்கள். பழையதற்கு கூகுள் தந்த ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இடைவேளையில் ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னேன். "அடிப்படை ஒன்றுதானே தம்பி" என்றார் அவரும். கட்டிய காசு திரும்பி வரவில்லை. எந்த வகுப்பானாலும் காசு கட்டுமுன் ஒரு பக்கக் கோடைக் காட்டச் சொல்லுங்கள். டாலர் ஸ்கோப் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் வீட்டில் இருந்தே புதிய ஆவணங்களைப் படித்தேன். ஸ்டேண்டலோன் கொம்போனன்ட், சிக்னல், டெம்ப்ளேட்டில் அட் இஃப் (@if), அட் ஃபோர் (@for) என்று புதிய வேர்ஷன்களின் அம்சங்கள் எல்லாம் நன்றாகத்தான் போனது. சேரும் நாள் நெருங்கிய பிறகுதான் புரொஜெக்ட் கோட் இருக்கும் ரெப்போவுக்கு அனுமதி தந்தார்கள். வேர்ஷன்களைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பைத் திறந்தால் ஆங்குலர் 11. அட் இஃப் 2023இல் வேர்ஷன் 17ஓடு வந்தது. இங்கே எல்லாம் பழைய முறையான என்ஜிமொடியூலும் ஸ்டார் என்ஜிஇஃப்பும் (*ngIf)தான். ரெப்போ தரத் தாமதமானால் அந்த ஒரு கோப்பையாவது அனுப்பச் சொல்லி விடாமல் கேளுங்கள். அனுப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பகல் டேட்டா போதாததால் புரொஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டோலை நள்ளிரவுக்குப் பிறகு போட்டேன். ஓட்டிப் பார்த்தால் 'டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ் அன்சப்போர்டட்' என்ற பிழை. ஆங்குலர் கருவிகள் ஓடுவதற்கு வேண்டிய நோட் ஜேஎஸ் என் லப்டொப்பில் வேர்ஷன் 18. ஏறாவூரில் இருக்கும் சீனியர் அண்ணா ஒருவருக்கு வொட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினேன். "நோட்ட இறக்கிப் பாருங்க தம்பி" என்று காலையில் பதில் வந்தது. நோட் 17இலிருந்து உள்ளே இருக்கும் குறியாக்க நூலகம் ஓபன்எஸ்எஸ்எல் 3. கோடைக் கட்டித் தரும் கருவியான வெப்பேக்கின் பழைய வேர்ஷன் கேட்கும் எம்டி4 ஹாஷை அது தருவதில்லை. நோட் வேர்ஷனை மாற்ற உதவும் என்விஎம் போட்டு நோட் 12க்கு மாறியதும் ஓடியது. பழைய ஹாஷை மீண்டும் அனுமதிக்கும் லெகசி புரொவைடர் என்ற தெரிவைப் போட்டுத் தப்பலாம் என்று இணையத்தில் பலர் சொல்கிறார்கள். அதைவிட டீமில் மற்றவர்கள் வைத்திருக்கும் நோட் வேர்ஷனையே நீங்களும் வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்குலரின் பழைய தளமான angular.io முகவரியின் முன்னால் வி11 என்று சேர்த்தால் (v11.angular.io) அந்தக் கால ஆவணங்கள் அப்படியே திறக்கும். அதிலுள்ள டூர் ஆஃப் ஹீரோஸ் பயிற்சியை மட்டும் முழுமையாகச் செய்து முடித்தேன். மற்றதை ஓடும் கோடைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். நேரம் குறைவு என்றால், தொடர்ந்து வரும் தரவைக் கையாள ஆங்குலர் பயன்படுத்தும் நூலகமான ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். புதியவர்கள் திணறுவது அங்கேதான்.

அந்தப் பயிற்சி எனக்குத் தந்த முதல் வேலையிலேயே (டிக்கெட்) கைகொடுத்தது. தேடல் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து சேர்வருக்குக் கோரிக்கை போனது. பிந்தி வந்த பழைய பதில் புதியதை அழித்தது. ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் தட்டுவது நின்று 300 மில்லிசெக்கன் காத்திருக்க டிபவுன்ஸ்டைம் 300, அதே சொல் திரும்ப வந்தால் விட்டுவிட டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ட், எல்லாக் கோரிக்கையையும் ஓடவிடும் மேர்ஜ்மேப் இருந்த இடத்தில் பழையதை ரத்துச் செய்யும் சுவிட்ச்மேப் என்று மாற்றினேன். வேகமாகத் தட்டினால் கடைசிச் சொல்லுக்கு மட்டும் கோரிக்கை போனது. நிறுத்தி நிறுத்தித் தட்டினால், பதில் வராத பழைய கோரிக்கைகள் குரோம் நெட்வொர்க் டாபில் ஒவ்வொன்றாக ரத்தாவதைக் கண்ணாலேயே பார்த்தேன். அன்று மாலையே டீம் லீட் அதைப் பிரதான கோடோடு மேர்ஜ் செய்துவிட்டார். அடுத்த டிக்கெட் ஆங்குலரில் படிவங்களைக் கையாளும் ரியாக்டிவ் ஃபார்ம்ஸ்.